குமிழில் உள்ள ஐந்து எழுத்துக்கள்



கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் எங்கள் கெங்குவார்பட்டி. வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையில் வருவோர், எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் மலைச்சாலை பிரிந்து மேலே ஏறுவதைக் காண்பர். மழைக்காலத்தில் மலையை நோக்கினால், எலிவால் அருவி என்று வழங்கும் தலையாற்று அருவி, ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளை நூலைத் தொங்கவிட்டாற்போல் விழுவது தெரியும். மோட்டார் சாலை ஏற்படுவதற்கு முன் பெரியகுளத்துப் பக்கமிருந்து டோலியிலும் குதிரையிலும் மக்கள் மலை ஏறினார்கள். இன்று மணிக்கு நூறு வண்டி ஏறினாலும் வியப்பதற்கு யாருமில்லை. இத்தகைய ஊரில் வாழ்பவனுக்கு ஏற்றத்தையும் இறக்கத்தையும் பற்றிப் பேசச் சிறிது உரிமை உண்டு என்று கருதியே இப்பேச்சுக்கு இசைந்தேன்.

என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் மலைக்கு வாடகை வண்டி ஓட்டுபவர். அவர் அண்மையில் மின்சாரக் கார் ஒன்றை வாங்கி, அதை எனக்குக் காட்டவேண்டும் என்று வீட்டுக்குக் கொண்டு வந்தார். “சார், இதில் கிளட்சு இல்லை, கியரும் இல்லை. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுவிட்டால், காலணாச் செலவில்லாமல் காட் ரோடு வந்து சேர்ந்துவிடலாம்” என்றார். நான் வண்டிக்குள் தலையை நீட்டிப் பார்த்தேன். இருக்கைக்குப் பக்கத்தில் வட்டமான குமிழ் ஒன்று இருந்தது. அதைச் சுற்றிலும் ஆங்கில எழுத்துக்கள். “கியர் இல்லையென்றால் இத்தனை எழுத்து எதற்குத் தம்பி?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “பழக்கத்துக்காக வைத்திருப்பார்கள் சார்” என்றார்.

பழக்கத்துக்காக வைத்தவை அல்ல அவை. எனினும் அவர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியை முதலில் பார்ப்போம்.

பெட்ரோல் காருக்குக் கியர் ஏன் வேண்டியிருந்தது? நம் கம்பம் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் ஆயில் எஞ்சின் ஓடிய காலத்தை உங்கள் தாத்தாக்களைக் கேளுங்கள். கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை முதலில் வெறுமனே ஓடவிட வேண்டும். அது வேகம் பிடித்த பின்னரே வேலையைக் கொடுக்க வேண்டும். நின்றிருக்கும் எஞ்சின்மேல் சுமையை ஏற்றினால் அது கிளம்பவே கிளம்பாது. பெட்ரோல் எஞ்சினின் இயல்பும் அதுவே. நிமிடத்திற்குச் சில நூறு சுற்றுக்குக் கீழே போனால் அணைந்துவிடும். அதன் முழு வலிமை குறிப்பிட்ட வேகத்தில்தான் வெளிப்படும். ஆதலின் எஞ்சினையும் சக்கரத்தையும் பிரித்துச் சேர்க்கக் கிளட்சும், நின்ற நிலையிலிருந்து விரைவோட்டம் வரை படிப்படியாக ஏற்றிச்செல்ல ஐந்தாறு கியர்களும் தேவைப்பட்டன.

பின்னர் கிணற்றுக்கு மின்மோட்டார் வந்தது. சுவிட்சைத் தட்டினால், நின்ற நிலையிலிருந்தே தண்ணீரைச் சுமந்துகொண்டு அது கிளம்பியது. மின்மோட்டார் சுற்றத் தொடங்கும் முதற் கணத்திலேயே முழுத் திருகுவிசையையும் தரவல்லது. நிமிடத்திற்குப் பதினாயிரம் சுற்றுக்கு மேலும் அது தளராமல் ஓடும். இத்தகைய பொறிக்குப் படிகள் எதற்கு? மின்சாரக் காரில், மோட்டார் எட்டு அல்லது ஒன்பது முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்படி பற்சக்கரங்களை நிலையாகப் பொருத்தி விடுகிறார்கள். அதாவது, பற்சக்கரம் உண்டு, மாற்றுவதற்குத்தான் ஒன்றுமில்லை. 2019-இல் வெளிவந்த போர்ஷே டைக்கான் போன்ற பந்தய மனப்பான்மையுள்ள சில கார்கள் இரண்டு கியர் வைத்துக்கொண்டிருக்கின்றன. அவை நமக்கு வேண்டியவை அல்ல.

பின்னோக்கிச் செல்வதற்குக்கூடத் தனிப் பற்சக்கரம் இல்லை. மும்முனை மின்மோட்டாரில் மூன்று கம்பிகளுள் ஏதேனும் இரண்டை இடம் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் எதிர்ப்புறமாகச் சுற்றும் என்பதைத் தோட்டத்து எலெக்ட்ரீஷியன் எவரும் சொல்வார். காரில் அந்த இடமாற்றத்தைக் கம்பியைத் தொடாமலே மின்னணுக் கருவி செய்து முடிக்கிறது. குமிழில் ஆர் என்ற எழுத்துக்கு நீங்கள் திருப்பும்போது நிகழ்வது இவ்வளவே.

ஆகவே அந்த எழுத்துக்கள் கியர்கள் அல்ல, கட்டளைகள். மோட்டார் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று ஓட்டுபவர் இடும் கட்டளைகள். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

எழுத்துக்களின் வரிசைக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் தானியங்கிக் கியர் விற்பனைக்கு வந்தபோது எழுத்து வரிசையை யாரும் வரையறுக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போல் வைத்தது. சிலவற்றில் முன்னோக்கி மெதுவாகச் செல்லும் நிலைக்கு அடுத்தாற்போலவே பின்னோக்கிச் செல்லும் நிலை இருந்தது. ஒரு காரில் பழகியவர் மற்றொரு காரில் ஏறிக் கையை வழக்கம்போல் தள்ளினால், வண்டி எதிர்பாராத திசையில் பாயும். ரால்ஃப் நாடர் 1965-இல் வெளியிட்ட ‘எந்த வேகத்திலும் பாதுகாப்பற்றது’ என்ற பொருள்படும் தலைப்புடைய நூலில் இக்குழப்பத்தைக் கண்டித்து எழுதினார். 1968-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசின் பாதுகாப்பு விதி, முன்செல்லும் நிலைக்கும் பின்செல்லும் நிலைக்கும் இடையில் நியூட்ரல் இருந்தே தீரவேண்டும் என்று கூறியது. இன்று உங்கள் ஊர்க் காரில் ஆர், என், டி என்று எழுத்துக்கள் அந்த வரிசையில் நிற்பது, எங்கோ பிறர் அடிபட்டுக் கற்றதன் பயன்.

இனி எழுத்துக்களுக்கு வருவோம். இங்கே தமிழருக்கு மட்டும் ஓர் இடர்ப்பாடு. ஆங்கிலத்தில் வண்டியை நிறுத்தும் நிலைக்கு ஓர் எழுத்து, இறக்கத்தில் வேகத்தை அடக்கும் நிலைக்கு வேறோர் எழுத்து. நம் எழுத்தில் இரண்டையும் ‘பி’ என்றே எழுதவேண்டியிருக்கிறது. வானொலியில் கேட்போருக்குச் செவி உதவும். அச்சில் படிப்போருக்கு உதவாது. ஆதலால் ‘பார்க்கிங்’ என்பதன் எழுத்தை நிறுத்தப் பி என்றும், ‘பிரேக்’ என்பதன் எழுத்தைத் தடைப் பி என்றும் நான் சொல்லிக்கொள்கிறேன்.

நிறுத்தப் பி என்பது பிரேக் அன்று. பற்சக்கரத்தின் பள்ளத்தில் சிறு எஃகு நாக்கு ஒன்று விழுந்து அதைச் சுற்றவிடாமல் தடுப்பதே அதன் வேலை. சரிவில் நிறுத்தும்போது கைப்பிரேக்கை முதலில் போட்டுவிட்டுப் பிறகு இந்நிலைக்கு மாற்றவேண்டும். இல்லையேல் வண்டியின் பாரம் முழுவதும் அச்சிறு நாக்கின்மேல் ஏறி நிற்கும். நம் நாட்டில் ஓடும் சில மின்சாரக் கார்களில் இந்த எழுத்தே கிடையாது. அவற்றில் கைப்பிரேக் ஒன்றே துணை. பெட்ரோல் காரை கியரில் போட்டு நிறுத்திப் பழகியவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அன்றியும் மின்சாரக் கார் நின்றிருக்கும்போது உறுமுவதில்லை. அது டி நிலையில் விழித்திருக்கிறதா, அணைந்திருக்கிறதா என்று காதால் அறிய இயலாது. கண்ணாடித் திரையில் உள்ள குறியைக் கண்ணால் பார்த்தே அறியவேண்டும். வண்டி நின்றுவிட்டது என்று எண்ணி இறங்கியவரின் பின்னால் அது மெல்ல நகர்ந்து வரக்கூடும். இளைஞர்களுக்கு முதலில் கற்பிக்கவேண்டிய பாடம் இது என்பது என் கருத்து.

டி என்பது முன்செல்லும் கட்டளை. இதில் காலை அழுத்தினால் மின்கலத்திலிருந்து மோட்டாருக்கு மின்சாரம் போகிறது. காலை எடுத்தால் என்ன ஆகிறது? இங்கேதான் நம் பேச்சின் உயிர்நிலை இருக்கிறது.

1873-ஆம் ஆண்டு வியன்னா நகரில் நடைபெற்ற பொருட்காட்சியில் கிராம் என்பவரின் மின்னாக்கி ஒன்றை மற்றொன்றோடு கம்பியால் இணைத்தபோது, இரண்டாவது தானே சுற்றத் தொடங்கிற்று. மின்சாரம் பெற்றால் சுற்றுவதும், சுற்றினால் மின்சாரம் தருவதும் ஒரே பொறியே என்பதை உலகம் அன்று கண்ணாரக் கண்டது. கோவை மாவட்டத்துக் காடம்பாறை மின்நிலையத்தில் இன்றும் இது நடக்கிறது. தண்ணீர் கீழே பாயும்போது மின்சாரம் பிறக்கிறது. மின்சாரம் மிகுந்திருக்கும் நேரத்தில் அதே பொறி எதிர்ப்புறமாகச் சுழன்று அதே தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுகிறது.

மின்சாரக் காரின் மோட்டாரும் அவ்வாறே. இறக்கத்தில் காலை எடுத்ததும் சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது. மோட்டார் மின்னாக்கியாக மாறி மின்கலத்துக்கு மின்சாரம் அனுப்புகிறது. அவ்வாறு அனுப்பும்போது அது சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. இந்த இழுப்பைக் கூட்டிக்கொள்வதே தடைப் பி. சில வண்டிகளில் எழுத்துக்குப் பதிலாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் இருக்கும்; பொருள் ஒன்றே.

இது நேற்று முளைத்த புதுமையும் அன்று. நம் நாட்டில் முதல் மின்ரயில் பம்பாயில் 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் ஓடிற்று. சில ஆண்டுகளில் மேற்கு மலைத்தொடரின் போர் கணவாய்க்கும் தல் கணவாய்க்கும் மின்னிழுவை வந்தது. அங்கே சரக்கு இழுத்த மின் எஞ்சின்கள் இறங்கும்போது மின்சாரத்தை மேற்கம்பிக்குத் திருப்பித் தந்தன.

இப்போது தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் அடிவாரம் 300 மீட்டரை ஒட்டியது. இறங்கும் உயரம் 1,800 மீட்டர். ஆட்களோடு வண்டியின் நிறை 1,500 கிலோகிராம் என்று கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை எளிமைக்காகப் பத்து என்று வைத்துப் பெருக்கினால், 2 கோடியே 70 லட்சம் ஜூல் வரும். வீட்டு மீட்டரில் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். வகுத்துப் பாருங்கள்: ஏழரை யூனிட். கொடைக்கானலில் நிற்கும் ஒவ்வொரு காரும், அங்கே நிற்பதாலேயே இந்த ஏழரை யூனிட் ஆற்றலைத் தன்னுள் வைத்திருக்கிறது. அடிவாரத்துக்கு வருவதற்குள் அதை எங்கேனும் இறக்கிவைத்தே ஆகவேண்டும்.

டயரும் காற்றும் ஐம்பது கிலோமீட்டர்த் தொலைவில் இரண்டு, இரண்டரை யூனிட்டை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது ஐந்து. நியூட்ரலில் இறங்கினால் இந்த ஐந்து யூனிட்டும் நான்கு சக்கரங்களின் பிரேக்கில் வெப்பமாக மாறவேண்டும். அது எவ்வளவு வெப்பம்? ஏறக்குறைய 60 லிட்டர் தண்ணீரை, அதாவது நான்கைந்து குடம் தண்ணீரை, கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். கையகலப் பிரேக் கட்டைகள் அதைத் தாங்கவேண்டும். கட்டை மிகச் சூடேறினால் அதன் பிடிப்புக் குறைகிறது. பிரேக் எண்ணெய் கொதித்து ஆவி உண்டானால், மிதி வெறுமனே அடிவரை போகிறது. கோடை விடுமுறையில் மலையிலிருந்து இறங்கி எங்கள் ஊரைக் கடக்கும் வண்டிகளிலிருந்து வரும் கருகல் நாற்றத்தை நாங்கள் நன்கு அறிவோம். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்களே பெரும்பாலும் அந்த நாற்றத்தைக் கொண்டுவருபவர்கள். நம் மலை ஓட்டுநர்கள், ஏறிய கியரிலேயே இறங்கு என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். எஞ்சினின் இழுப்பைப் பிரேக்குக்குத் துணையாக்கும் வழக்கம் அது. நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிஞ்சும் என்ற எண்ணமோ கார்புரேட்டர் காலத்தது. இன்றைய பெட்ரோல் எஞ்சின், கியரில் இறங்கும்போது காலை எடுத்தால் எரிபொருளையே நிறுத்திக்கொள்கிறது.

மின்சாரக் காரில் என் என்ற நியூட்ரல் நிலை என்ன செய்கிறது? பெட்ரோல் காரில் போலப் பற்சக்கரங்களைப் பிரிப்பதில்லை. மோட்டார் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றிக்கொண்டிருக்கும். ஆயினும் “வாங்கவும் வேண்டா, கொடுக்கவும் வேண்டா” என்று மின்னணுக் கருவிக்குக் கட்டளை போய்விட்டது. இழுத்துப் பிடிக்கும் விசை அக்கணமே மறைகிறது. என் மாணவர் காசு மிச்சம் என்று எண்ணியது, உண்மையில் இரட்டை இழப்பு: மலை தரும் மின்சாரமும் போயிற்று, மலையில் பிடித்து நிறுத்தும் துணையும் போயிற்று. மோட்டார் பிரியாமல் இருப்பதனால் இன்னொரு செய்தியும் உண்டு. பழுதான மின்சாரக் காரை நியூட்ரலில் போட்டுக் கயிறு கட்டி நெடுந்தூரம் இழுத்துச் செல்லக்கூடாது. சக்கரம் சுற்றச் சுற்ற மோட்டாரில் மின்னழுத்தம் பிறந்து கருவிகளைக் கெடுக்கும். மேடை லாரியில் ஏற்றிக்கொண்டு போவதே முறை.

டி-யிலோ தடைப் பி-யிலோ இறங்கினால் என்ன கிடைக்கும்? மிஞ்சிய ஐந்து யூனிட்டில், பொறியிலும் மின்கலத்திலும் நேரும் இழப்புப் போக, மூன்று முதல் நான்கு யூனிட் மின்கலத்தில் சேரும். சமவெளியில் அது இருபது கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடப் போதும். நம் பள்ளத்தாக்கின் பிள்ளைகளுக்கு இதை விளக்க உவமை தேடவேண்டியதில்லை. 1895-இல் முடிந்த பெரியாற்று அணையின் நீர், குகைவழியாக மலையைக் கடந்து, குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப்பில் 1950-களின் இறுதியிலிருந்து மின்சாரம் தந்துவிட்டு, அதன் பிறகே நம் வயல்களுக்கு வருகிறது. குழாயைத் திறந்துவிட்டுப் பொறியை நிறுத்திவைத்தால் நீர் வீணே பாயும். நியூட்ரலில் இறங்கும் கார் அத்தகையது.

இவ்வளவும் கேட்டபின், “அப்படியானால் பிரேக்கே வேண்டாமா?” என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும். வண்டி மெதுவாகிவிட்ட நிலையில் மோட்டாரின் இழுப்பு வலுவிழந்துவிடும். எதிரே மாடோ பேருந்தோ வந்துவிட்டால் கால்பிரேக்கே கைகொடுக்கும். தடைப் பி-யின் பணி, அந்தக் கால்பிரேக்கைச் சூடேறாமல் வைத்திருந்து, தேவைப்படும் நொடியில் அது முழு வலிமையோடு கிடைக்கும்படி செய்வதே.

இறுதியாக ஒரு செய்தி. இதை வண்டி விற்பவர்கள் பெரும்பாலும் வலியுறுத்திச் சொல்வதில்லை. மலைக்குப் போகிறவர்களுக்கு இது மிகவும் வேண்டியது. நிறைந்த குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்ற இயலாது. கொடைக்கானலில் இரவு தங்கி, விடுதியில் மின்னேற்றி, திரையில் நூற்றுக்கு நூறு என்று கண்டு மகிழ்ந்து புறப்படுகிறவரின் வண்டியில், மோட்டார் தரும் மின்சாரத்தை ஏற்க மின்கலத்தில் இடமில்லை. ஆகவே டி-யில் வைத்தாலும் தடைப் பி-யில் வைத்தாலும் இழுத்துப் பிடிக்கும் விசை மிகக் குறைந்துவிடும்; சில வண்டிகள் இதைத் திரையில் எச்சரிக்கையாகக் காட்டும். பெட்ரோல் காருக்கேனும் எஞ்சினின் இழுப்பு எப்போதும் உண்டு. நிறைந்த மின்கலத்தோடு இறங்கும் காருக்கோ முதல் பல கிலோமீட்டருக்குக் கால்பிரேக் ஒன்றே கதி. எழுத்து சரியாக இருந்தும் பயன் இராது.

ஆதலால் மேலே மின்னேற்றும்போது 85 விழுக்காட்டில் நிறுத்திக்கொள்ளவேண்டும். 30 யூனிட் கொள்ளளவுள்ள மின்கலத்தில் நான்கு யூனிட் என்பது எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். அந்த அளவு இடம் காலியாக இருந்தால் போதும். மிச்சத்தை மலையே ஏற்றிவிடும். அவ்வாறு புறப்பட்டவரின் வண்டி எங்கள் ஊர்ப் பக்கம் வந்து சேரும்போது, திரையில் 95-ஐ ஒட்டிய எண் தெரியும். சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனால் சுடாது.